கோலாலம்பூரிலிருந்து இன்கா இடிபாடுகளுக்கு: குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது ஊர்களின் வரிசை

பெருவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம் இதுதான்: தலைநகர் லீமாவில் இறங்கி, அடுத்த விமானத்தில் குஸ்கோ, அங்கே இரண்டு இரவு, மூன்றாம் நாள் மச்சு பிச்சு, அதாவது ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய நகரம். கடல்மட்டத்தில் வாழ்கிற நமக்கு இது ஒத்துவராது. குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கினபாலு மலை ஏறுகிறவர்கள் இரவு தங்கும் லாபான் ராத்தாவே ஏறத்தாழ 3,270 மீட்டர்தான். அவர்களாவது நாள் முழுக்க நடந்து மெல்ல மெல்ல அந்த உயரத்துக்குப் போகிறார்கள். குஸ்கோவுக்கு விமானத்தில் போகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடற்கரையிலிருந்து அங்கே போய் நிற்கிறார். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அங்கே கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று முதல் இரண்டு நாளும் விடுதி அறையிலேயே போய்விடும்.

இதற்கு வழி, குஸ்கோவைக் கடைசிக்குத் தள்ளிவிடுவது. இன்கா இடங்களின் உயரத்தை வரிசையாகப் பார்த்தாலே திட்டம் தானாக அமைந்துவிடும். மச்சு பிச்சு 2,430 மீட்டர், அதன் அடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ் 2,040, ஒய்யாந்தாய்தாம்போ 2,790, உருபாம்பா 2,870, மோராய் 3,500, குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் 3,700, சிஞ்செரோ 3,760. பெயர்பெற்ற மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வான இடம் என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகருக்குள் போகாமல், நேராக வண்டி பிடித்து உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். முதல் நான்கைந்து இரவும் அங்கேயே தூங்குங்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதை ஒட்டித்தான்.

எப்போது போவது

குஸ்கோ வட்டாரத்தில் மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நவம்பரில் தொடங்கும் மழை ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும். நம் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் வருவதால், அதுவே மிகப் பொருத்தமான நேரம். வானம் தெளிவாக இருக்கும், மலைச்சரிவுகளில் பச்சை மிச்சமிருக்கும், ஜூலைக் கூட்டமும் இன்னும் வந்திருக்காது. ஜூன் 24 அன்று சக்சாய்வாமானில் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா நடக்கும். அந்த வாரத்தில் குஸ்கோவில் அறை கிடைப்பது கடினம், சிறுபிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் நிற்பதும் கடினம்.

ஆண்டிறுதி விடுமுறையில் போனால் மழைக்குத் தயாராகப் போக வேண்டும். காலை நேரத்தில் மச்சு பிச்சு மூடுபனிக்குள் மறைந்திருக்கும், படிகள் வழுக்கும், சில நாள் மண்சரிவால் ரயில் நிற்கும். மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதையைப் பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு மட்டும் திறந்திருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் குஸ்கோவில் குளிர் பூஜ்ய டிகிரியை ஒட்டி இறங்கும். நடுப்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கெந்திங்குக்குப் போட்டுப்போகும் ஒரு ஸ்வெட்டர் போதாது. உடம்பை ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக எடுத்துக்கொண்டால், மணிக்கொரு தரம் கழற்றவும் மாட்டவும் வசதி.

விமானமும் தாள்களும்

கோலாலம்பூரிலிருந்து லீமாவுக்கு நேரடி விமானம் இல்லை. வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மாட்ரிட் ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் லீமாவுக்கு நேரடிச் சேவை உண்டு. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு அங்கே விசாத் தொல்லையும் இல்லை. பினாங்கில் இருப்பவர்கள் கே.எல்.ஐ.ஏ. அல்லது சாங்கி வரை ஒரே டிக்கெட்டில் சேர்த்து எடுப்பது நல்லது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைப் பிடித்துத் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதாகிவிடும். அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் சில நேரம் மலிவாகத் தெரியும். ஆனால் அங்கே விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்தக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், மலிவு போய்விடும்.

பெருவுக்குச் சுற்றுலா செல்ல மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. விதி மாறியிருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் கோலாலம்பூரில் உள்ள பெரு தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் மிச்சமிருக்கட்டும். பிள்ளைகளுடன் அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் போவதாக இருந்தால், பிறப்புச் சான்றிதழின் நகலும் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருப்பது பாதுகாப்பு.

பலர் தவறவிடுவது மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசியை. பெருவுக்குள் நுழைய அது தேவையில்லை. குஸ்கோவிலும் மச்சு பிச்சுவிலும் அந்த நோயின் அபாயமும் இல்லை. அதனால் ‘வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது இருக்கிறது. மஞ்சள்காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருப்பதால், அங்கிருந்து மலேசியாவுக்குள் நுழையும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். எல்லாக் கிளினிக்கிலும் இதைப் போடுவதில்லை. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டு, மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தில் முத்திரை வைத்துத் தருவார்கள். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடக்கூடாது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோயெதிர்ப்புக் குறைவுள்ளவர்களுக்கும் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். முட்டையில் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊசிமருந்து கோழிமுட்டைக் கருவில் வளர்த்து எடுக்கப்படுவது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஊசி கூடாது என்றால், மருத்துவரின் விலக்குக் கடிதத்தோடு திரும்பி வரலாமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சுகாதார அமைச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

அடுத்தது பெயர். நம் கடப்பிதழில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று தகப்பன் பெயருக்கு முன் வருவதை, பெருவின் பதிவுத் தளங்கள் ஏற்பதில்லை. சாய்கோடு போட்டால் படிவம் நகராது. அவை பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். முதல் கட்டத்தில் சொந்தப் பெயரையும் இரண்டாவதில் தகப்பன் பெயரையும் எழுதுங்கள். விமானம், ரயில், நுழைவுச்சீட்டு மூன்றிலும் அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும். வாசலில் அவர்கள் முதலில் ஒப்பிடுவது கடப்பிதழ் எண்ணை. ஆகவே எண்ணில் ஓர் இலக்கமும் பிசகக்கூடாது. சீட்டு வாங்கிய பிறகு கடப்பிதழைப் புதுப்பித்தால், பழையதையும் கையில் கொண்டுபோங்கள்.

மச்சு பிச்சு சீட்டு

முதலில் நுழைவுச்சீட்டு, பிறகு ரயில், அதற்குப் பிறகு விடுதி. இந்த வரிசையை மாற்றி, விடுதியை முதலில் போட்டுவிட்டுச் சீட்டுக் கிடைக்காமல் தவிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. வழக்கமான நாட்களில் 4,500, உச்ச நாட்களில் 5,600. பெரு பண்பாட்டு அமைச்சின் ‘து பொலெத்தோ’ தளத்தில் நேரடியாக வாங்கலாம். வெளிநாட்டுப் பெரியவருக்கு 152 சோல், மூன்று முதல் பதினேழு வயதுவரை 70 சோல் என்று விலை இருந்துவருகிறது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். ஒரு சோல் நம் ஒரு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் 444 சோல் ஆகும். பணம் கட்டும் இடத்தில் மலேசிய வங்கி அட்டைகள் அடிக்கடி நிராகரிக்கப்படும். அட்டையில் கோளாறு இருக்காது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே மூடப்பட்டிருக்கும், வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். சீட்டில் பெயரையோ நாளையோ பின்னால் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது.

2024 ஜூன் முதல் அங்கே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்து வழித்தடங்கள். வாங்கிய தடத்தைத் தவிர வேறெதிலும் நடக்க முடியாது. எல்லாம் ஒருவழிப் பாதை, பின்னோக்கி வரவும் விடமாட்டார்கள். முதலாம் சுற்று மேல்தட்டுக்கு ஏறி, உலகறிந்த அந்த முழுக்காட்சியைத் தரும். ஆனால் நகருக்குள் இறங்காது. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதியில் சூரியக் கோயில் பக்கம் போகும், ஏற்றம் குறைவு, முழுக்காட்சி கிடைக்காது. இரண்டாம் சுற்றில் மேலிருந்து பார்க்கும் காட்சியும் உண்டு, நகரின் நடுவில் நடப்பதும் உண்டு. நடக்கக்கூடிய பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டாம் சுற்றே சரி. இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை முதலில் விற்றுப்போவதும் இதுதான், ஆகவே மூன்று மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மூன்றாம் சுற்றைத் தனியாக வாங்கி, அதே மணிக்கு நுழைந்து, வெளியில் சந்தித்துக்கொள்ளலாம். எல்லாரும் ஒன்றாகவே போக வேண்டும் என்று பாட்டியை மேல்தட்டுக்கு ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாய்னா பிச்சு சிகரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. படிகள் செங்குத்து, சில இடங்களில் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். சிறுபிள்ளைகள் இருக்கும் குடும்பம் அதை மறந்துவிடலாம்.

இணையத்தில் கிடைக்காமல் போனால், அகுவாஸ் கலியெந்தெஸில் நேரில் விற்க நாளொன்றுக்கு ஆயிரம் சீட்டு வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று வாங்க வேண்டும், பெரும்பாலும் மறுநாளுக்குத்தான் கிடைக்கும். தனியாகப் பயணிக்கும் இளைஞருக்குச் சரி, குடும்பத்துக்கு அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

உடம்பைத் தயார் செய்தல்

நல்ல உடற்கட்டு உயரநோயைத் தடுக்காது. கால்பந்து ஆடும் பதினாறு வயது மகன் படுத்துவிடுவான், பாட்டி தெம்பாக இருப்பார். ஆனால் படிகள் வேறு விஷயம், அதற்குப் பயிற்சி உதவும். பத்துமலையின் 272 படிகளையும் நிற்காமல் ஏறி இறங்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். பினாங்குக்காரர்களுக்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகள் இன்னும் நல்ல பயிற்சிக்களம். இன்காப் படிகள் உயரம் ஒழுங்கற்றவை, கைப்பிடி கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம்பார்க்கும். புதுக் காலணியை அங்கே போய் முதல்முறை போடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் கொப்புளம் சிறிய விஷயமில்லை.

அசிட்டசோலமைடு, கடைப்பெயரில் டையமாக்ஸ், உயரநோயைத் தடுக்கும் மருந்து. பெரியவர்களுக்குப் பொதுவாக 125 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்திய நாளே தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கு எடையை வைத்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் பக்கவிளைவுகள். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயரத்தில் முதல் சில நாள் இரத்த அழுத்தம் கூடலாம். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி குளிரிலும் உயரத்திலும் தவறான எண் காட்டக்கூடும். இன்சுலினைக் குளிரில் உறையவிடாமல் உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள். இதயநோய், கடும் இரத்தசோகை, தலசீமியா உள்ளவர்கள் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிறுபிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சிணுங்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், தூங்காது. இந்த அறிகுறிகள் வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்கக்கூடாது. ஆக்சிஜன் கொடுத்தபடியே உடனே தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, 4,000 மீட்டர் வரை செல்லுமா, அவசர விமானம் அதில் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள்.

குஸ்கோ விடுதிகளில் நுழைந்ததும் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டபூர்வமானது, தலைமுறை தலைமுறையாகக் குடித்துவருவது. நமக்கு மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வோம். குடித்தவரின் சிறுநீரில் கொக்கெய்ன் சோதனை நேர்மறையாக வரக்கூடும். கொக்கா இலை நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. தேநீர்ப் பை, மிட்டாய், இலைப் பொட்டலம் எதையும் நினைவுப்பொருளாகக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகள் கடையில் வாங்கும் மிட்டாயையும் பாருங்கள். அதற்குப் பதிலாக ‘முன்யா’ என்னும் மலைப் புதினாத் தேநீர் கேளுங்கள், எல்லா இடத்திலும் கிடைக்கும், வயிற்றுக்கும் இதமானது.

சாப்பாடு

மாட்டிறைச்சி தவிர்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்திகூச்சோ. தெருவோரக் கரியடுப்பில் குச்சியில் செருகிச் சுடுவார்கள், பார்த்தால் அப்படியே சாத்தேதான். அது மாட்டு இதயம். ‘லோமோ சால்தாதோ’ என்னும் வதக்கலும் மாட்டிறைச்சிதான். எம்பனாடாவின் பூரணம் பெரும்பாலும் அதுவே. கேட்காமல் வாங்கக்கூடாது. சைவர்கள் ஸ்பானிய மொழியில் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள், சூப்பின் சாறு எதில் வைத்தது என்றும் கேளுங்கள். கினுவா சூப் பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் கொதிக்கும். உருளைக்கிழங்கு வகைகள், பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும், அவகாடோ, முட்டை, சோறு, பீன்ஸ் என்று சைவர்களுக்குப் பட்டினி இல்லாமல் ஓட்டிவிடலாம். ரொகோட்டோ மிளகாயை அரைத்துக் கேட்டால் நம் நாக்குக்கு உறைப்பும் கிடைக்கும். ஹலால் உணவகம் அந்த மலை வட்டாரத்தில் அரிது. முஸ்லிம் குடும்பங்கள் மீனையும் காய்கறியையும் நம்பித் திட்டமிடுவது நல்லது.

குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப் போகிறவர்களுக்கு: பெருவில் மின்சாரம் 220 வோல்ட், கருவி ஓடும். தட்டையான இருமுனையும் உருண்டையான இருமுனையும் ஏற்கும் துளைகள்தான் இருக்கும், நம் மும்முனைப் பிளக்குக்கு மாற்றி வேண்டும். உண்மையான சிக்கல் உயரம். குஸ்கோவில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு அரைவேக்காடாக நிற்கும், பருப்பு வேகவே வேகாது. அரிசியை அரைமணி ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் தண்ணீர் விட்டு, குக்கர் நின்ற பிறகும் பத்து நிமிடம் மூடியே வைக்க வேண்டும். பருப்புக்குப் பதில் தயார்நிலைப் பொட்டலக் குழம்பு கொண்டுபோவது உத்தமம். கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சிப் பொருள் வேண்டாம். முத்திரையிட்ட பொட்டலங்களையும் நுழைவில் கேட்டால் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. காய்ச்சுவதானால் அந்த உயரத்தில் மூன்று நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

பணம்: ரிங்கிட்டை அங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். மஸ்ஜித் இந்தியாவிலோ பினாங்கு லிட்டல் இந்தியாவிலோ அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டையும் பாருங்கள். ஓரத்தில் நூலிழை கிழிந்திருந்தாலும், மையால் எழுதியிருந்தாலும் பெருவில் மறுத்துவிடுவார்கள்.

நாள் நாளாக

லீமாவில் ஓர் இரவு தூங்குங்கள். மலேசியாவுக்கும் பெருவுக்கும் பதின்மூன்று மணி நேர வித்தியாசம். பகல் இரவு புரண்டுவிட்ட உடம்பை உடனே மலைக்கு ஏற்றினால் தலைவலிக்குக் காரணம் எது என்றே தெரியாது. மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, இதையே முதல் நாளாக வைத்துக்கொள்வோம். பிற்பகலில் வானிலையால் தாமதம் அதிகம். விமான நிலையத்திலிருந்து ஒய்யாந்தாய்தாம்போவுக்கு வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள். சாலை சிஞ்செரோ மேட்டைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும், வளைவுகள் அதிகம், பிள்ளைகளுக்கு வாந்திப் பை கையில் இருக்கட்டும். அன்று வேறொன்றும் செய்ய வேண்டாம். லேசான சாப்பாடு, நிறையத் தண்ணீர், சீக்கிரம் தூக்கம்.

இரண்டாம் நாள் ஒய்யாந்தாய்தாம்போ கோட்டையை அவசரமில்லாமல் பாருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் வந்து குவியும், திறக்கும் நேரத்திலேயோ மாலையிலேயோ போனால் படிகள் உங்களுக்கே. படிவரிசைகளின் உச்சியில் ஆறு பெரும் பாறைப் பலகைகள் நிற்கின்றன. ஆற்றின் அந்தப் பக்கத்து மலையில் உள்ள கச்சிகாத்தா குவாரியில் வெட்டி, பள்ளத்தில் இறக்கி, ஆற்றைக் கடந்து, மீண்டும் மேலே ஏற்றியவை. சக்கர வண்டியும் இரும்புக் கருவியும் இல்லாமல் செய்த வேலை. பாதிவழியில் விட்ட பாறைகள் இன்னும் கிடக்கின்றன, பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஸ்பானியப் படையை மாங்கோ இன்கா என்னும் மன்னர் இங்கேதான் விரட்டியடித்தார்.

இங்கே நுழைவதற்கு ‘பொலெத்தோ துரிஸ்திகோ’ என்னும் கூட்டுச்சீட்டு வேண்டும். முழுச்சீட்டு 130 சோல், பதினாறு இடங்கள், பத்து நாள். பகுதிச்சீட்டு 70 சோல், ஆனால் பள்ளத்தாக்குப் பகுதிக்கு இரண்டே நாள், குஸ்கோவை ஒட்டிய நான்கு இடங்களுக்கு ஒரே நாள்தான் செல்லும். நாம் மெதுவாகப் போகிறவர்கள், எனவே முழுச்சீட்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறைதான் துளையிடுவார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டக் கடப்பிதழ் வேண்டும். சோல் நோட்டாக ரொக்கம் வைத்திருங்கள். மச்சு பிச்சு, மாராஸ் உப்புப் பாத்திகள், குஸ்கோவின் கோரிகாஞ்சா என்னும் சூரியக் கோயில் ஆகியவை இதில் சேராது.

மூன்றாம் நாள் வண்டி அமர்த்தி மோராயும் மாராசும். உயரத்துக்குப் போய்வந்து தாழ்வில் தூங்குவது உடம்பைப் பழக்கும் நல்ல வழி. மோராயின் வட்டப் படித்தட்டுகளை மேலிருந்துதான் பார்க்க முடியும். மாராசில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உப்புப் பாத்திகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்குகின்றன. முன்பு போல் பாத்திகளுக்கு நடுவே நடக்க விடுவதில்லை. பீசாக் இடிபாட்டையும் பார்க்க நினைப்பவர்கள் இன்னொரு நாள் வைத்துக்கொண்டு, மேல்வாசல் வரை வண்டியில் போய், அதே வழியில் திரும்பட்டும். கீழே சந்தைவரை இறங்கும் பாதை அழகானது, ஆனால் ஓரத்தில் தடுப்பில்லாத செங்குத்துச் சரிவு. கையை உதறிக்கொண்டு ஓடும் வயதுப் பிள்ளைகளோடு அது வேண்டாம்.

நான்காம் நாள் பிற்பகல் ரயில். ஒய்யாந்தாய்தாம்போவிலிருந்து அகுவாஸ் கலியெந்தெஸ் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரு ரயில், இன்கா ரயில் என்று இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. பெரிய பெட்டிகளை ஏற்றமாட்டார்கள். ஓர் இரவுக்கான துணியைச் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு மற்றதை விடுதியில் விட்டுச் செல்லுங்கள். அதே நாளில் போய்த் திரும்பும் திட்டமும் உண்டு. ஆனால் காலை ரயில் தாமதமானால் நுழையும் நேரம் கைநழுவிவிடும்.

ஐந்தாம் நாள் மச்சு பிச்சு. அடிவாரத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரம், போகவர 24 டாலர். அதிகாலை ஐந்தரைக்கு ஓடத் தொடங்கும். பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது மணி நுழைவே போதும். வாசலுக்கு வெளியே மட்டும்தான் கழிப்பறை. உள்ளே எதுவுமில்லை, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. ஆகவே எல்லாரும், ‘வரவில்லை’ என்கிற பிள்ளையும், போய்விட்டு வர வேண்டும். தள்ளுவண்டி, குடை, செல்ஃபிக் குச்சி, ரப்பர் முனையில்லாத ஊன்றுகோல், சாப்பாடு இவற்றுக்கு அனுமதி இல்லை. பையின் அளவு 40, 35, 20 சென்டிமீட்டருக்குள். கைக்குழந்தையை இரும்புச் சட்டமில்லாத துணித் தூளியில் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். நீளக் காற்சட்டை, பூச்சிவிரட்டி மருந்து, நாடா வைத்த தொப்பி மூன்றும் அவசியம். அங்குள்ள சிற்றீ கடித்த இடம் பல நாள் அரிக்கும்.

உள்ளே பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? முதலில் காலம். மச்சு பிச்சு 1450 வாக்கில் பச்சகூத்தி என்னும் இன்கா மன்னர் எழுப்பியது. அதாவது பள்ளிப் பாடத்தில் வரும் மலாக்கா சுல்தானகம் செழித்திருந்த அதே காலம். மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியரிடம் விழுந்தது, குஸ்கோ 1533இல் ஸ்பானியரிடம் விழுந்தது. இதைச் சொன்னதும் ‘எவ்வளவு பழசு’ என்ற கேள்வி பிள்ளைகளுக்குத் தெளிந்துவிடும். பிறகு சுவர்கள். கோயிலும் அரசர் இருப்பிடமும் என்றால் கற்கள் சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் தாள் நுழையாதபடி பொருந்தியிருக்கும். தானியக் கிடங்கும் சாதாரண வீடும் என்றால் கரடுமுரடான கல்லும் மண்கலவையும். வாசல்களும் மாடங்களும் மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கும், சுவர்கள் சற்று உள்பக்கம் சாய்ந்திருக்கும். நிலநடுக்கத்தில் நிற்பதற்கான வடிவம் அது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்ட பிள்ளை, எந்தக் கட்டடம் யாருடையது என்று தானே சொல்லத் தொடங்கும். தண்ணீரையும் தொடர்ந்து பாருங்கள். மலை ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே வந்து பதினாறு தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது. தரைக்கு அடியில் கல்துண்டுகளைப் பரப்பி மழைநீரை வடித்திருக்காவிட்டால் இந்த நகரம் என்றைக்கோ சரிந்திருக்கும்.

அன்று மாலையோ மறுநாளோ குஸ்கோ. இப்போது உடம்பு நான்கைந்து நாள் மலையில் பழகியிருக்கும். கோரிகாஞ்சாவை முதலில் பாருங்கள். சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடம் 1950 நிலநடுக்கத்தில் இடிந்தது, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளிப்பட்டன. அத்தூன்ருமியோக் தெருவில் உள்ள பன்னிரு மூலைக் கல்லைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். 2025இல் ஒருவர் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்திய பிறகு அங்கே கண்காணிப்பு கடுமையாகிவிட்டது.

அதற்கடுத்த நாள் சக்சாய்வாமான், கெங்கோ, புக்கா புக்காரா, தாம்போமச்சாய் என்று குஸ்கோவை ஒட்டிய நான்கு இடங்களும். வண்டியில் மிக உயரமான தாம்போமச்சாய்க்கு முதலில் போய், அங்கிருந்து இறங்குமுகமாக ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால் ஏற்றமே இருக்காது. சக்சாய்வாமானைக் கடைசியாக வையுங்கள். நூறு டன்னைத் தாண்டிய கற்களும் கலந்து கோணல்மாணலான மதிலாக நிற்கும் அந்த வெளியில் பிள்ளைகள் ஓடியாட இடமிருக்கிறது, எதிரே உள்ள வழுக்குப் பாறையில் சறுக்குவார்கள், பழைய காற்சட்டை போட்டுவிடுங்கள்.

நாடு திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள். வேலைநிறுத்தமும் சாலை மறியலும் அங்கே அவ்வப்போது ரயிலை நிறுத்திவிடும். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே மூடினார்கள். அந்த நாள் தேவைப்படாமல் போனால் குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் கழிக்கலாம். மறியல் வரும் என்று தெரிந்தால் லீமாவுக்குப் போகும் விமானத்தை முந்திய நாளுக்கு மாற்ற விமான நிறுவனத்தின் செயலியில் முயலுங்கள். அதற்கான கடவுச்சொல்லும், வங்கியின் ஓ.டி.பி. வரும் மலேசியச் சிம்மில் ரோமிங்கும் வேலை செய்கின்றனவா என்று புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.